குளிர்பான வண்டியும் அழகர் திருவிழாவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடையில் கடையில் கேட்ட குளிர்பானம் கிடைக்கவில்லை என்றால் எல்லாரும் வெயிலைத்தான் குறை சொல்கிறார்கள். மதுரை செல்லூரில் பெட்டிக்கடை வைத்திருக்கும் என்னைக் கேட்டால், ஆர்டர் எடுக்க வருகிறவரும் சரக்கு இறக்க வருகிறவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை என்பேன்.

சேல்ஸ்மேன் செல்போனில் ஆர்டர் போட்டுவிட்டுப் போய்விடுவார். அப்புறம் லைன் வண்டி, அதாவது குறிப்பிட்ட நாளில் கடை கடையாகச் சரக்கு இறக்கும் வண்டி, வரும். நான் கேட்டது கால் லிட்டர் பாட்டில். இறங்குவது இரண்டேகால் லிட்டர். "அண்ணே, பில்லுல இருக்கறதத்தான் நான் இறக்க முடியும்" என்கிறார் வண்டியில் வரும் தம்பி. அவர் மேல் தப்பில்லை. மாசக் கடைசியில் டார்கெட்டை முடிக்க, 'ஸ்கீம்' (சலுகை) என்று சொல்லி, கம்பெனி சரக்கைக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஏஜென்சி பழைய சரக்கை நம் தலையில் கட்டுவதுதான் பெரிய தொல்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சின்ன பாட்டில் என்றால், அதுவும் சூட்டில் கிடந்தது என்றால், இன்னும் வேகமாகப் போய்விடும். மூடியைத் திருகும்போது 'புஸ்' வராவிட்டால் வாங்கியவர் முறைப்பது என்னைத்தான். தேதி முடிந்த பாட்டில் அலமாரியில் இருந்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி முதலில் பிடிப்பதும் என்னைத்தான்.

கண்ணாடி பாட்டில் காலத்தில் இவ்வளவு மோசமில்லை. 24 பாட்டில் கொண்ட கிரேட்டில் காலி பாட்டிலை எண்ணி எடுக்க வண்டி வந்தே ஆக வேண்டும். வந்தவரிடம் நாலு வார்த்தை சொல்லலாம். இப்போது திரும்ப எடுக்க அவர்களுக்கு எதுவும் இல்லை. கம்பெனி கொடுத்த ஃபிரிட்ஜில் வேறு கம்பெனி பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஆள் தவறுவதில்லை!

அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமி அன்று. தினசரி காலண்டரிலேயே போட்டிருக்கிறது. அந்த நேரத்தில் கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பக்கம் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், சரக்கு வண்டி உள்ளே நுழைய முடியாது. ஆனாலும் வழக்கமான லைன் நாளில்தான் வருவேன் என்று ஏஜென்சி பிடிவாதம் பிடிக்கிறது. லட்சக்கணக்கில் ஜனம் தாகத்தோடு நடக்கும்போது என் ஃபிரிட்ஜ் காலியாக ஓடும்.

சித்திரை பிறப்பதற்கு முன்பே ஏஜென்சிக்காரர்கள் இந்தப் பகுதி வியாபாரிகளைக் கூப்பிட்டு, யாருக்கு எத்தனை பெட்டி, எந்த நாளில் என்று பேசி முடிக்க வேண்டும். தயாரிப்புத் தேதியை பில்லிலேயே அச்சிட வேண்டும். தேதி முடியப்போகும் சரக்கை அடுத்த லைனிலேயே எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையை அதே பில்லில் கழிக்க வேண்டும். வணிகர் சங்கங்கள் இதைக் கம்பெனிகளிடம் எழுத்தில் கேட்டு வாங்கித் தரட்டும்.

– பெட்டிக்கடைக்காரர் ஒருவர், செல்லூர், மதுரை