எடுக்க மறுத்த காலிக் கன்டெய்னருக்கு டிடென்ஷன் (தாமதக் கட்டணம்): 240 டொலரைத் திருப்பித் தரவும்

கொழும்பு 11
2024 ஓகஸ்ட் 12

முகாமையாளர், இறக்குமதிப் பிரிவு, கப்பல் முகவர் நிறுவனம்

ஐயா,

நான் புறக்கோட்டையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன். துருக்கியின் மெர்சின் துறைமுகத்திலிருந்து உங்கள் கப்பலில் எனக்கு 20 அடி கன்டெய்னர் ஒன்றில் மைசூர்ப் பருப்பு வந்தது. 25 கிலோ மூட்டை, மொத்தம் 1000. ஒரு மூட்டைகூட நனையவில்லை. என் புகார் சரக்கைப் பற்றியது அல்ல.

கப்பல் பிந்தியதற்கும் நான் சண்டைக்கு வரவில்லை. 2023 நவம்பரிலிருந்து யேமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்குகிறார்கள். சுயஸ் வழியை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றி வந்தால் நாள் கூடத்தான் செய்யும். கப்பல்கள் நேரம் தவறிக் கூட்டமாக வந்து சேருவதால் கொழும்பில் நெரிசல் என்பதும் தெரியும். அதற்கென்று கேட்ட மேலதிகக் கட்டணத்தையும் பேசாமல் கட்டினேன்.

ஜூலை 8ஆம் திகதி கன்டெய்னர் இறங்கியது. கன்டெய்னரைக் காலியாக்கித் திருப்பித் தர 7 நாள் இலவசம். சுங்கச் சோதனை முடிந்து 12ஆம் திகதி இரவே கடைக்குக் கொண்டுவந்து, விடிவதற்குள் மூட்டைகளை இறக்கிவிட்டோம். 13ஆம் திகதி காலை, இன்னும் ஒரு நாள் கையிலிருக்கும்போதே, காலிக் கன்டெய்னர் ஒருகொடவத்தையில் நீங்கள் சொன்ன யார்டின் (காலிகளை அடுக்கி வைக்கும் டிப்போவின்) வாசலில் நின்றது. இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 15ஆம் திகதி போனோம், அதே பதில். வேறு யார்ட் சொல்லுங்கள் என்று உங்கள் அலுவலகத்துக்கு எத்தனை தடவை போன் எடுத்தேன்! "பிறகு சொல்கிறோம்" என்பதுதான் பதில். லொறிச் சாரதி இரண்டு இரவு தெருவோரத்தில் கெபினுக்குள்ளேயே படுத்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து அழைப்பு வந்தும் அவரால் வண்டியை விட்டுப் போக முடியவில்லை. கடைசியில் 22ஆம் திகதிதான் எடுத்துக்கொண்டீர்கள்.

அப்புறம் பில் வருகிறது: 15 முதல் 22 வரை 8 நாள் டிடென்ஷன், நாளுக்கு 30 டொலர், மொத்தம் 240. அதை கன்டெய்னருக்காக நான் கட்டிய டெபாசிட்டிலேயே கழித்தும்விட்டீர்கள். டிடென்ஷன் என்பது கன்டெய்னரைத் திருப்பாமல் வைத்திருப்பவருக்குப் போடும் கட்டணம். நான் வைத்திருக்கவில்லை, வாங்கிக்கொள்ளுங்கள் என்று உங்கள் வாசலில் நின்றேன். காலிகளை ஏற்றிப் போகக் கப்பல் இல்லாமல் யார்ட் நிரம்பியிருக்கலாம். அந்தச் செலவு கப்பல் கம்பனியுடையது, என் தலையில் விழக்கூடாது. லொறி காத்துக் கிடந்த கூலியை நான் ஏற்கெனவே தனியாகக் கொடுத்திருக்கிறேன்.

யார்ட் வாசலில் திகதியோடு எழுதித் தந்த இரண்டு துண்டுகளும், உங்கள் அலுவலக எழுதுவினைஞர் "டிப்போ ஃபுல்" என்று அனுப்பிய வட்ஸ்அப் செய்தியும் இத்துடன் இருக்கின்றன.

கழித்த 240 டொலரையும் சேர்த்து டெபாசிட்டை முழுமையாக 14 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். இல்லாவிட்டால், 1972ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கப்பல் முகவர்களுக்கு உரிமம் கொடுக்கும் வணிகக் கப்பல் செயலகத்தில் இதே கடிதத்தைக் கொடுப்பேன். அடுத்த கன்டெய்னர் இப்போது கடலில் வந்துகொண்டிருக்கிறது. அதன் காலியை எந்த யார்டில் ஒப்படைப்பது என்பதை, சரக்கை எடுக்க நீங்கள் தரும் டெலிவரி ஓர்டரோடு எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்