மாமாவின் றங்குப்பெட்டியை எங்கே கொடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூன் மாதம் வந்தால் உங்கள் பத்திரிகையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த கதை வரும், நானும் ஒவ்வொரு வருஷமும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். 1981 மே 31 இரவு மூட்டிய நெருப்பில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போனதை மறக்க ஏலாது. இந்த முறை வாசித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எரித்தவர்கள் மேல் உள்ள கோபம் பழையது, அது அப்படியே இருக்கிறது. இது எங்கள் ஆட்கள் மேல், என்னையும் சேர்த்து, வந்த கோபம். வீடுகளில் கட்டிலுக்குக் கீழே கிடந்து உக்குகிற கொப்பிகளையும் கடிதங்களையும் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதக் காணோம்.

என் கதையைச் சொல்கிறேன். அம்மாவின் தமையன் கவிதை எழுதுபவர். பெரிய பெயர் இல்லை, புத்தகமும் போடவில்லை. ஈழகேசரிப் பத்திரிகைக்கும், 1959இல் ஈழநாடு தொடங்கிய பிறகு அதற்கும் அனுப்பிக்கொண்டிருந்தார், சில வந்தன, பல வரவில்லை. மாமா போய்க் கனகாலம். இரண்டு வருஷத்துக்கு முன் மாமியும் போன பிறகு வீட்டை ஒதுக்கும்போதுதான் அந்த றங்குப்பெட்டியைத் திறந்தேன். பதினொரு சீ.ஆர். கொப்பிகள், சணல் கயிற்றால் கட்டிய கடிதக் கட்டு, அடியில் பத்திரிகைத் துண்டுகள். 1995 ஒக்ரோபர் 30 இரவு இராணுவம் நெருங்கி வர எல்லோரும் தென்மராட்சிக்கு ஓடியபோது காணி உறுதியையும் நகையையும் தூக்கிக்கொண்டு போனோம், இந்தப் பெட்டியை விட்டுவிட்டுத்தான் போனோம் என்பதைச் சொல்ல எனக்கு இப்பவும் வெட்கம். திரும்பி வந்தபோது ஓடு உடைந்து மழை இறங்கியிருந்தது, பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் நனைந்து மற்றது தப்பியது எங்கள் கெட்டித்தனம் இல்லை.

ஒரு கொப்பியில், துலா என்ற நீண்ட மரத்தில் ஆள் ஏறி நடந்து தண்ணீர் இறைக்கிற துலாக் கிணற்றைப் பற்றி ஒரு விருத்தம். இரண்டாம் அடியில் ஒரு சொல்லை மாமா மூன்று தரம் வெட்டியிருக்கிறார்: முதலில் "ஏறி", பிறகு "மிதித்து", பிறகு "நடந்து", கடைசியில் திரும்பவும் "ஏறி". துலா மிதிப்பவன் அங்கும் இங்கும் நடப்பதைப் போலவே அந்தச் சொல்லும் போய் வந்திருக்கிறது. பத்திரிகையில் வந்த துண்டில் "ஏறி" மட்டும்தான் இருக்கிறது, அதை வாசிப்பவருக்கு இந்த நடை ஒன்றும் தெரியாது. இன்னொரு பக்கத்தில் பாட்டுக்கு நடுவே வெங்காய விதைக் கணக்கு. எனக்கு அந்தப் பக்கம்தான் கூடப் பிடிக்கும்.

கடிதங்கள் வேறு உலகம். கொழும்பில் படிப்பித்த ஒரு கவிஞர் நண்பர் மாதம் ஒன்றாக எழுதியிருக்கிறார், பெரும்பாலும் யாப்புச் சண்டை, தளை (சீருக்குச் சீர் இருக்க வேண்டிய இணைப்பு) தட்டுகிறது என்று ஒருவரை ஒருவர் பிடுங்கியெடுக்கிறார்கள். 1958 இனக் கலவரத்துக்குப் பிறகு வந்த கடிதம் மட்டும் பருத்தித்துறையிலிருந்து. கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியதையும், அரைவாசி எழுதிய காவியம் கொழும்பு வாடகை வீட்டோடு போனதையும் எழுதிவிட்டு, பழையபடி தளைக்கே திரும்பிவிடுகிறார். அந்தக் காவியம் என்று ஒன்று இருந்ததற்கு இந்தக் கடிதத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதுபோல, ஈழநாடு அலுவலகமும் அதே 1981 நாட்களில் எரிக்கப்பட்டது. அதில் எழுதிய சின்னக் கவிஞர்கள் பலருக்கு இனி அவரவர் வீட்டில் உள்ள கொப்பிதான் மிச்சம்.

சரி, ஒரு பொது இடத்தில் கொடுப்போம் என்று எடுத்துக்கொண்டு போனேன். எந்த இடம் என்று எழுதப்போவதில்லை, மேசையில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, அச்சில வந்த புத்தகம் எண்டால் எடுப்பம், கொப்பியை எந்தப் பதிவில போடுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நூலுக்கு எண் போடும் முறையில் கடிதக் கட்டு அடங்காது. கையெழுத்துப் பிரதிகளை ஒவ்வொன்றாக அல்ல, வந்த கட்டாக, இருந்த ஒழுங்கைக் குலைக்காமல் வைத்துத்தான் பட்டியல் போட வேண்டும், அதற்குப் பழகிய ஆள் வேண்டும். அப்படி ஒருவரை நியமிக்காதது அந்தப் பிள்ளையின் பிழையா?

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டைத் தொட்டால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று புலம்பிக்கொண்டே 1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். இப்போது மாமாவின் கொப்பியைப் புரட்டினாலும் ஓரம் உதிர்கிறது. ஓலை பல தலைமுறை தாங்கியது, இந்த மலிவுத் தாள் அறுபது வருஷத்திலேயே பழுப்பேறி நொறுங்குகிறது, தாளுக்குள் இருக்கிற அமிலம் செய்கிற வேலை. குண்டூசி குத்திய இடமெல்லாம் துரு. நான் நல்லது என்று நினைத்து செலோரேப் ஒட்டிய இரண்டு பக்கமும் இன்று மஞ்சள் பட்டையாக நிற்கின்றன. பொலித்தீன் பையில் கட்டியதும் பிழை, ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடித்துவிட்டது. வீட்டில் இப்படி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த மூன்றையும் செய்யாதீர்கள்.

ஸ்கான் பண்ணினால் போதாதா என்று கேட்பார்கள். நூலகம் என்ற இணைய நூலகத்தார் 2005இலிருந்து செய்கிற வேலை பெரிய வேலை, என் பேத்தி அதில்தான் படிக்கிறாள். ஆனால் பென்சிலால் எழுதி இறப்பரால் அழித்த வரி தாளைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிறது, சாதாரண ஸ்கான் படத்தில் அது விழாது. அதோடு கடிதத்தில் தாள்தான் எங்களுடையது, எழுத்து எழுதியவருடையது. இலங்கைச் சட்டப்படி அவர் இறந்து 70 வருஷம் வரைக்கும் உரிமை அவர் குடும்பத்துக்குத்தான், கேட்காமல் இணையத்தில் போட முடியாது. ஒரு வாசிப்பறையில், மேசைக்கு முன்னால் ஒருவர் இருக்க, தேடி வருபவர் வாசித்துப் போவது வேறு விஷயம்.

கனடாவில் இருக்கிற மாமாவின் மகனுக்கு வேறு பயம். "ஏன் மச்சாள் வீட்டுக் கதையை ஊருக்குக் காட்டுவான்?" என்றார். கடன், கோபம், ஒரு கலியாணப் பேச்சு குழம்பிய கதை எல்லாம் அந்தக் கடிதக் கட்டுக்குள் இருக்கிறதுதான். அவருக்கு ஆங்கிலக் கவிஞர் ரி.எஸ். எலியட்டின் கதையைச் சொன்னேன். எமிலி ஹேல் என்ற பெண்ணுக்கு அவர் எழுதிய 1,131 கடிதங்களை அந்த அம்மா 1956இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்திடம் கொடுத்தார், இரண்டு பேரும் இறந்து 50 வருஷம் கழித்தே திறக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு. நூலகம் சொன்ன சொல் தவறாமல் மூடி வைத்திருந்து 2020 ஜனவரியில்தான் திறந்தது. (அந்த அம்மா எழுதியவற்றை எலியட் எரிப்பித்துவிட்டார், அது ஆண்பிள்ளை வேலை.) எங்களுக்கும் இருபத்தைந்து வருஷம் பூட்டி வைக்கிறோம் என்று எழுத்தில் தந்தால் போதும், கொடுக்கிறேன் என்று மச்சான் இறங்கிவந்தார்.

கொடுக்கிறவருக்கு அதிகாரி கையெழுத்தோடு ஒரு பற்றுச்சீட்டும், எதை எப்போது யார் பார்க்கலாம் என்று எழுதிய ஒரு பக்க உடன்படிக்கையும் தந்து வாங்குகிற ஒரு அறை யாழ்ப்பாணத்தில் ஒரு பொது நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ வேண்டும், இவ்வளவுதான் நான் கேட்பது. பெரிய கவிஞர்களுக்கு ஆட்கள் வருவார்கள், மாமா மாதிரி ஆட்களின் பெட்டியையும் வாங்க வேண்டும், எங்கள் அளவெட்டிக் கவிஞர் 'மகாகவி' உருத்திரமூர்த்தி காலத்து ஆட்கள் யார் யாரோடு சண்டை பிடித்தார்கள், யாரிடமிருந்து கொப்பி இரவல் வாங்கினார்கள் என்பது அந்தப் பெட்டிகளுக்குள்தான் கிடக்கிறது. அப்படி ஒரு அறை ஏற்கனவே இருந்து எனக்குத்தான் தெரியாமல் போயிருந்தால் அதைவிடச் சந்தோஷம் இல்லை, விபரத்தை உங்கள் பத்திரிகையிலேயே போடுங்கள்.

பெட்டியை இப்போது கறையான் ஏறாமல் நாலு செங்கல் மேல் வைத்திருக்கிறேன். அந்த அறைக்கு மேலே ஓடு இன்னும் ஒழுகுகிறது, ஐப்பசி மழைக்கு முன் யாராவது பதில் சொன்னால் உதவி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
அளவெட்டி.