ஜோ கான்ஸ் பிழையான விடையா? விளையாட்டுச் சங்கத் தெரிவுக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தெரிவுக்குழுவினருக்கு,

வணக்கம். ஆண்டு விழா வினாடிவினாவில் நடந்ததை நான் விளக்கத் தேவையில்லை. மேடையில் இருந்தவர்களே நீங்கள்தான். "உலகின் தலைசிறந்த லைட்வெயிட் குத்துச்சண்டை வீரர் யார்?" என்று கேட்டீர்கள். லைட்வெயிட் என்றால் 135 இறாத்தலுக்கு (பவுண்டு; ஏறத்தாழ 61 கிலோ) மேற்படாத எடைப் பிரிவு. எங்களிடம் குத்துச்சண்டை பழகும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை எழுந்து "ஜோ கான்ஸ்" என்றாள். பிழை என்று மணி அடித்தது. ஏன் என்று கேட்டதற்கு, சங்கத்தின் ஆண்டு மலரில் நீங்கள் வெளியிட்ட 'எக்காலத்துக்குமான பத்துப் பேர்' பட்டியலில் அந்தப் பெயரே இல்லை என்று சொல்லி அனுப்பினீர்கள். அந்த ஒரு புள்ளியில் முதலிடம் போனது.

பரிசு போனால் போகட்டும், அதற்காக நான் எழுதவில்லை. எந்த அளவுகோலை வைத்து அந்தப் பத்துப் பேரையும் தரப்படுத்தினீர்கள் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். வெளியிடும்வரை அந்தப் பட்டியலைப் பிள்ளைகளுக்கு விடைத்தாளாக வைக்காதீர்கள். கேட்பது இவ்வளவுதான்.

ஏன் கேட்கிறேன் என்றால், பட்டியலைப் பார்த்து அளவுகோலை ஊகிக்க முயன்றேன், முடியவில்லை. முதலிடம் ஃபிளோய்ட் மேவெதர். 50 சண்டை, 50 வெற்றி, பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் 135 இறாத்தல் எடையில் அவர் ஆடிய பட்டச் சண்டைகள் நான்கே நான்கு. அதில் முதலாவதான 2002 ஏப்ரல் சண்டையில் எதிராளி கஸ்டியோதான் வென்றிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாமிடம் மனி பாக்கியாவோ. அவர் இந்த எடைப் பட்டத்துக்காக வளையத்தில் ஏறியது ஒரே ஒரு தடவை, 2008இல் டேவிட் டயஸுக்கு எதிராக. ஆனால் 1972இல் கென் புக்கானனிடம் பட்டத்தைப் பறித்து, பன்னிரண்டு தடவை காப்பாற்றி, 1979இல் தானாகவே விட்டுக்கொடுத்த றொபேர்ட்டோ டுரானுக்கு ஒன்பதாம் இடம். 1917இல் வென்ற பட்டத்தை யாரிடமும் இழக்காமல் 1925இல் ஓய்வுபெற்ற பெனி லெனர்டுக்கு இடமே இல்லை. இது லைட்வெயிட் பட்டியலா, பெயர் தெரிந்தவர்களின் பட்டியலா?

சரி, கான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1902இல் ஃபிராங்க் ஏர்னை முதல் சுற்றிலேயே வீழ்த்திப் பட்டம் வென்றவர். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர்களில் குத்துச்சண்டையில் முதல் முதலாக உலகப் பட்டம் வென்றவர்களில் ஒருவர். 1906 செப்டெம்பர் 3, நெவாடா பாலைவனத்தில் கோல்ட்ஃபீல்ட் என்ற சுரங்க ஊரில் பட்லிங் நெல்சனோடு அவருக்குச் சண்டை. சம்பியன் கான்ஸ்தான். ஆனால் நிபந்தனை முழுக்க நெல்சன் பக்கத்தாருடையது. பணத்திலும் பெரிய பங்கு நெல்சனுக்கே. அதைக்கூட விடலாம். எடை பார்த்த விதத்தைத்தான் விட முடியாது. 133 இறாத்தலுக்கு மேல் போகக்கூடாது. அதுவும் முதல் நாள் இல்லை, சண்டை நாளிலேயே. ஒரு தடவை ஏறி இறங்கினாலும் போதாது, சண்டை தொடங்கும்வரை திரும்பத் திரும்ப, சண்டைக்குரிய உடுப்போடு தராசில் ஏற வேண்டும். இடையில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் அது எடையில் காட்டும். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. கையில் காசில்லை, தோலும் கறுப்பு.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்ற எவருக்கும் இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. ஈரம் என்றும் சாக்கு என்றும் சொல்லிக் கிலோவைக் கழிக்கிறபோது, தராசு யார் கையில் இருக்கிறதோ கணக்கும் அவர் கையில்தான். அந்தப் பிள்ளையின் அம்மாவும் கொழுந்து எடுப்பவர்தான். கான்ஸின் கதையை நான் வகுப்பில் சொன்னபோது மற்றப் பிள்ளைகள் எத்தனை குத்து, எத்தனை இரத்தம் என்று கேட்டார்கள். அவள் மட்டும் தராசைப் பற்றிக் கேட்டாள்.

அப்படி வறண்டுபோன உடம்போடு அந்த மனிதர் வெயிலில் 42 சுற்று ஆடினார். ஒரு சுற்று மூன்று நிமிடம். இன்றைய பட்டச் சண்டை 12 சுற்று, 36 நிமிடம். அதாவது இன்றைய மூன்றரைப் பட்டச் சண்டைகளை ஒரே மத்தியானத்தில், இடையில் கை உடைந்த பிறகும், ஆடி முடித்தார். 42ஆவது சுற்றில் நெல்சன் இடுப்புக்குக் கீழே குத்தியதால் மத்தியஸ்தர் கான்ஸுக்கு வெற்றி கொடுத்தார். நான்கு வருடத்தில், 1910இல், காசநோயில் இறந்துபோனார். வயது 35.

"அவர் தோற்றிருக்கிறாரே" என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தோற்றார்தான். 1908இல் அதே நெல்சனிடம் இரண்டு தடவை தோற்றார். 1900இல் டெரி மெக்கவர்னிடம் இரண்டாம் சுற்றில் விழுந்ததும் உண்மை. ஆனால் அது சொல்லிவைத்து விழுந்தது என்று பின்னாளில் அவரே வாய்திறந்து சொன்னார். தோல்விப் பத்தியில் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்து, எதற்காகத் தோற்க வைக்கப்பட்டார் என்பதை விட்டுவிடுகிற அளவுகோல் எங்களுக்கு வேண்டாம்.

பழையவர்கள் எல்லோரும் சிங்கம், புதியவர்கள் எல்லோரும் பூனை என்று நான் சொல்ல வரவில்லை. பேர்னல் விட்டேக்கரை எந்தக் காலத்தில் இறக்கிவிட்டாலும் அவரைத் தொடுவதே கஷ்டம். அவரை நீங்கள் சேர்த்தது சரி. உக்ரேன் வீரர் லொமசென்கோவின் கால் வேலையை நான் பிள்ளைகளுக்கு அடிக்கடி போட்டுக் காட்டுகிறேன். பட்டச் சண்டை 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைந்ததும் சோம்பலால் இல்லை. 1982இல் இதே லைட்வெயிட் பட்டத்துக்காக ரே மன்சினியோடு ஆடிய கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாளில் இறந்துபோனார், அதற்குப் பிறகுதான் குறைத்தார்கள். நல்ல மாற்றம். அதேபோல் இன்று எடை பார்ப்பது முதல் நாளில். இரவு முழுக்கக் குடித்துச் சாப்பிட்டு, பத்து இறாத்தலுக்கு மேல் கூடிய உடம்போடு மறுநாள் ஏறுகிறார்கள். சட்டம் இடம் கொடுக்கிறது, குற்றமில்லை. ஆனால் அந்தக் காலத்தவரையும் இந்தக் காலத்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்தும்போது இதைச் சொல்ல வேண்டாமா?

பட்டங்களின் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் அதுவும் நிற்காது. இன்று பட்டம் கொடுக்கும் பெரிய அமைப்பு நான்கு, நான்குக்கும் பொதுவான எடைப் பிரிவு 17. அந்தக் கணக்குப்படியே 68 பேர் உலக சம்பியனாக இருக்கலாம். 1938இல் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் மூன்று பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தபோது பிரிவே எட்டுத்தான். லைட்வெயிட் அந்த மூன்றில் ஒன்று. அவரும் உங்கள் பத்தில் இல்லை.

அதே 1938இல்தான் பார்னி ஹென்ரிக்கஸ் சிட்னி எம்பயர் விளையாட்டில் (இன்றைய பொதுநலவாய விளையாட்டு) இலங்கைக்குத் தங்கம் வாங்கித் தந்தார், லைட்வெயிட்டைவிடக் குறைந்த எடையான ஃபெதர்வெயிட்டில். அவர் பெயரை மலரில் தேடினேன். பிரதம விருந்தினரின் படம் நான்கு இடத்தில் இருந்தது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் குத்திப் பழகுவது உர சாக்கில் பழந்துணி திணித்துக் கட்டியது. கையுறைக்குக் கேட்டால் அடுத்த வருடம் என்கிறீர்கள். மண்டபச் சாவி கேட்டால் பொன்னாடை விழா இருக்கிறது என்கிறீர்கள். அப்புறம், அயர்லாந்து வீராங்கனை கேட்டி டெய்லர் ஏன் பட்டியலில் இல்லை என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. 2012 ஒலிம்பிக்கில் லைட்வெயிட் தங்கம், 2019இல் நான்கு அமைப்புகளின் பட்டமும் அவர் கையில். இதைக் கேட்டவள் மேடையில் பிழையான விடை சொன்ன அதே பிள்ளை. என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் அனுப்பிவைக்கிறேன்.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாவியும் கையுறையும் வேறு நாளில் பேசலாம். இந்த மடலில் பணிவாகக் கேட்பது அந்த அளவுகோலைத்தான். அந்தந்த எடையில் ஆடிய சண்டைகளை மட்டும் பார்த்தீர்களா, எதிராளிகளின் தரத்தைப் பார்த்தீர்களா, பழைய காலத்து எடை முறையையும் சுற்றுக் கணக்கையும் கணக்கில் எடுத்தீர்களா என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். எழுதிப் பார்த்த பிறகும் மேவெதர்தான் முதலிடம் என்று வந்தால் ஏற்றுக்கொள்கிறோம், வாதாடுவோம், அது வேறு. ஆனால் அபிப்பிராயத்தைக் கேள்வியாக்கி, அதற்கு ஒரே விடைதான் என்று மணி அடிக்காதீர்கள்.

அடுத்த வினாடிவினா பாடசாலை விடுமுறைக்கு முன்னர் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் பதில் எழுத்தில் வந்தால் உதவியாக இருக்கும். அறிவித்தல் பலகையில் ஒட்டினாலும் சரி, நாங்களே வந்து வாசித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்கும் ஒருவன்,
ஹட்டன்.