தோட்டா வாங்கும் முன் குழலைப் படியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஷாட்கன் (ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு குண்டுகளைச் சிதறிச் சுடும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி, “நல்ல தோட்டா எது?” என்பதுதான். பதில் சொல்லாமல், என்ன துப்பாக்கி, எதைச் சுடப் போகிறீர்கள், எவ்வளவு தூரத்தில் என்று நாங்கள் திருப்பிக் கேட்பது சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. ஏன் கேட்கிறோம் என்பதை இங்கே எழுதிவிடுகிறோம்.

முதலில் குழலைப் பாருங்கள். அதன் பின்பக்கத்தில் 12-70, 20-76 என்பது போல ஏதாவது பொறித்திருக்கும். முன்னால் இருப்பது போர் (bore) எண், அதாவது குழலின் உள் அகலத்தைக் குறிக்கும் எண்; பின்னால் இருப்பது தோட்டா அறையின் நீளம், மில்லிமீட்டரில். சில துப்பாக்கிகளில் நீளம் அங்குலக் கணக்கில் இருக்கும்: 2¾ என்றால் 70 மி.மீ., 3 என்றால் 76 மி.மீ. போர் எண் ஏற ஏறக் குழல் குறுகும். 12 போர் சுமார் 18.5 மி.மீ. அகலம், 20 போர் 15.6 மி.மீ. தான். .410 மட்டும் விதிவிலக்கு, அது நேரடியாக அங்குல அளவு.

நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் போட்டிருப்பது, சுட்ட பிறகு முனை மடிப்பு விரிந்த தோட்டாவின் நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. அதனால் 76 மி.மீ. தோட்டா 70 மி.மீ. அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்காரும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலான பகுதிக்குள் நீள, அழுத்தம் எகிறிவிடும். “உள்ளே போகிறதே” என்பது ஒரு சான்றே இல்லை. நீள அறையில் குட்டைத் தோட்டா போடுவதில் இந்த ஆபத்து கிடையாது. சில தானியங்கித் துப்பாக்கிகள் மட்டும் மென்மையான தோட்டாவுக்கு அடுத்ததை ஏற்றாமல் மக்கர் பண்ணும்.

இதைவிட மோசமானது 12 போர் துப்பாக்கிக்குள் 20 போர் தோட்டா விழுவது. அது அறையைத் தாண்டி வழுக்கிப்போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்துப் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். இரண்டையும் ஒரே பையில் போடவே போடாதீர்கள். சுட்டபோது சத்தம் ‘புஸ்’ என்று சப்பையாக வந்தால், தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டுகள். எண் கூடினால் ரவை சிறிதாகும். ஆனால் அமெரிக்க எண்ணும் இங்கிலாந்து எண்ணும் ஒன்றல்ல. அமெரிக்க 7½தான் ஏறக்குறைய இங்கிலாந்து 7, இரண்டும் 2.4 மி.மீ. எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள், குழப்பமே வராது. வானில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில், பக்கத்தில் பறக்கும் ஸ்கீட் வகைத் தட்டுகளுக்கு 2 மி.மீ. ரவை, விலகிப் போகும் டிராப் வகைத் தட்டுகளுக்கு 2.4 மி.மீ. என்பது வழக்கம். 28 கிராம் ஈயத்தில் அமெரிக்க 7½ என்றால் சுமார் 350 ரவை இருக்கும், 6 என்றால் 220 சொச்சம்தான். பெரிய ரவை வேகத்தைத் தக்கவைத்து ஆழமாக அடிக்கும், ஆனால் எண்ணிக்கை குறைவதால், ரவை பரவும் பரப்பில் இடைவெளி விழும்.

தோட்டாவில் ரவையின் எடை கூடினால் அடி கூடும் என்று 36 கிராம் கேட்டு வருபவர்கள் உண்டு. தட்டு சுடுவதற்கு அது வீண். ஒலிம்பிக் போட்டிகளிலேயே 24 கிராம்தான். அதிகம் உதைக்கும் தோட்டாவால் தோள் பயந்துபோய், விசையை இழுக்கும் முன்பே உடம்பு சுருங்க ஆரம்பிக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 24 கிராமுக்கு மேல் நாங்களாக எடுத்துத் தர மாட்டோம்.

நீர்ப்பறவைகள் தரையில் கிடக்கும் ஈய ரவையைக் கல் என்று கொத்தி விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அதனால் அவற்றின் வேட்டைக்கு அமெரிக்காவில் 1991 முதல் நாடு முழுவதும் ஈயம் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சதுப்பு நிலங்களில் 2023 முதல் தடை. மாற்றாக வருவது எஃகு ரவை. அது ஈயத்தைவிட லேசானது, எனவே இரண்டு அளவு பெரிதாக எடுக்க வேண்டும்: ஈயத்தில் 6 என்றால் எஃகில் 4. எஃகு நசுங்காது என்பதால் இறுக்கமான சோக் (குழல் முனையில் உள்ள குறுகல்) உள்ள குழல் வீங்கலாம், பழைய குழல் கீறலாம். வேகமான எஃகுத் தோட்டா சுட, ஐரோப்பிய முறையில் சோதித்த துப்பாக்கியில் லில்லிப்பூ முத்திரை இருக்க வேண்டும். இல்லையென்றால் பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவையைப் பாருங்கள். விலை அதிகம்தான், ஆனால் மென்மையானது.

ஒரே தோட்டா இரண்டு துப்பாக்கிகளில் இரண்டு விதமாகப் பரவும். ஆகவே மொத்தமாக வாங்காமல் முதலில் ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். 40 கஜத்தில் பெரிய காகிதம் கட்டிச் சுட்டு, ரவை நெருக்கமாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு எண்ணுங்கள். முழுச் சோக்கில் (மிக இறுக்கமான குறுகலில்) தோட்டாவில் உள்ள ரவையில் 70 சதவீதம் உள்ளே விழ வேண்டும், சோக்கே இல்லாவிட்டால் 40 அளவுக்கு. அப்புறம், காகிதத்துக்குப் பின்னால் யாரும் இல்லாத இடமாகப் பாருங்கள். 2.4 மி.மீ. ரவையே 190 மீட்டர் வரை போகக்கூடியது.

அடுத்த முறை வரும்போது உரிமத்தோடு, குழலில் உள்ள எழுத்துகளையும் முத்திரைகளையும் செல்போனில் படம் எடுத்து வாருங்கள். எழுத்து தேய்ந்துபோயிருந்தால் எந்தத் தோட்டாவும் வாங்காமல், முதலில் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டி அறையை அளந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்கள்