குதிரைக்கும் பசிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழில் மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்கள் பெருகிவருவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, வரைபடத்தையும் அரச வம்ச அட்டவணையையும் உலக உருவாக்கம், அதாவது கதைக்கான கற்பனை உலகைப் படைப்பது, என்கிறது. அவை அலங்காரம்தான். அங்கே வாழ்கிறவர்கள் எதற்கு ஆசைப்படுகிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதில்தான் ஓர் உலகம் நிற்கிறதா, சரிகிறதா என்று தெரியும்.

ஆங்கில மிகுபுனைவு எழுத்தாளர் டோல்கீனே இதில் பாடு பட்டிருக்கிறார். 1937இல் வந்த ‘தி ஹாபிட்’ முதல் பதிப்பில், நாயகன் பில்போவுடனான விடுகதைப் போட்டியில் தோற்றால் பரிசு தருவதாக, குகையில் வாழும் ‘கோல்லும்’ என்ற பிராணி தானே ஒப்புக்கொள்கிறான். அந்தப் பரிசு மோதிரம்தான். தோற்றபின் அதைக் காணாமல் மன்னிப்புக் கேட்டு, பில்போவுக்கு வழியும் காட்டுகிறான். அணிந்தவரை மறைக்கும் வெறும் மந்திர மோதிரமாக அது இருந்தவரை இதில் குறையில்லை. அடுத்த நாவலான ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’இல் அதையே, வைத்திருப்பவரைப் பிடித்துக்கொண்டு விடாத தீய பொருளாக ஆக்கியதும் கோல்லுமின் தாராளம் ஒட்டாமல் போனது. ‘தி ஹாபிட்’டின் 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினார். பழைய வடிவம் பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே கணக்கை நேர் செய்தது தனி சாமர்த்தியம்!

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது படையெடுப்பில். 20,000 வீரர்கள் 300 கி.மீ. தொலைவை மூன்றே நாளில் கடந்து கோட்டை வாசலில் நிற்கிறார்கள். வண்டிகளோடு நடக்கும் காலாட்படை நாளுக்கு 15-20 கி.மீ. போனாலே பெரிது. ஆக, குறைந்தது 15 நாள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம் என்றால் 20 டன். 3,000 குதிரைகளுக்குத் தலா 4 கிலோ கொள்ளு என்றால் 12 டன், புல் தனி. வண்டிக்கு அரை டன் ஏற்றினால் ஒரு நாள் பாட்டுக்கே 64 மாட்டுவண்டி. இழுக்கிற மாடும் தின்னும். அதனால் அறுவடை முடிந்த ஊர்களாகப் பார்த்துத்தான் பாதை போட வேண்டியிருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால், வழியில் ஒரு மணியக்காரன், படையின் கைக்குத் தானியம் போகாதிருக்க, தன் ஊர்க் களஞ்சியத்துக்குத் தானே தீ வைக்கக் காரணம் கிடைத்துவிடுகிறது. ஊரார் அவனைச் சபிக்கவும்தான். ‘உலகையே ஆள்வேன்’ என்று கொக்கரிக்கும் வில்லனைவிட இவன் மனதில் நிற்பான்.

மந்திரமும் அப்படியே. தொட்டால் நோய் தீரும் என்று நான்காம் அத்தியாயத்தில் எழுதினால், முதல் அத்தியாயத்தில் காய்ச்சலில் செத்த நாயகனின் தாயை ஏன் யாரும் தொடவில்லை என்று வாசகர் கேட்பார். தொடும் ஒவ்வொரு முறையும் வைத்தியச்சியின் ஆயுளில் ஓராண்டு கழியும் என்று வையுங்கள். அவள் மறுத்ததற்கு நியாயம் உண்டு. நாயகனின் கோபமோ அரசனை விட்டு அவள்மேல் திரும்பும். பின்பாதியை அப்போது மாற்றி எழுதித்தான் ஆக வேண்டும். பதிப்பாளர்கள் கெடு வைக்கும்போது அந்த இரண்டாம் வரைவுக்கும் நாள் ஒதுக்கட்டும்.

- நாவல்களுக்குப் பிரதி மேம்படுத்துநர், கோவை