வார இறுதிப் பக்கத்தில் நேரமும் இடமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும் வார இறுதிப் பக்கத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கச்சேரி, விளையாட்டு, குடும்பத்தோடு சென்று வரத்தக்க இடம், பார்க்கத்தக்க திரைப்படம் என எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தருவது நல்ல ஏற்பாடு. அண்மைக் காலமாக அமெரிக்க பேஸ்பாலும் அதில் இடம்பெறுவது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடல் கடந்து வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமைக்குத் திட்டமிட முடிவதில்லை. சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் பாராட்டு இருக்கிறது; அது எத்தனை மணிக்கு, எங்கே, எவ்வளவு நேரம், எந்த வயதினருக்கு ஏற்றது என்பது மட்டும் இருப்பதில்லை.

செட்டிநாட்டு வீடுகளில் பல, வார நாட்களில் பூட்டிக் கிடப்பவை, அல்லது முதியவர்கள் இருவர் மட்டும் இருப்பவை. வெள்ளிக்கிழமை பிற்பகல் எழும்பூரில் பல்லவன் விரைவு வண்டியில் ஏறியவர்கள் இரவில் காரைக்குடியில் வந்து இறங்கிய பிறகுதான் அந்த வீடுகளின் வளவில், அதாவது உள்முற்றத்தில், விளக்கு எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவே அவர்கள் திரும்பிவிடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் முன்னோருக்கான படைப்போ, அறுபதாம் ஆண்டு நிறைவு போன்ற சாந்திக் கல்யாணமோ இருந்தால் பொழுது தானாகவே கழிந்துவிடும். எதுவும் இல்லாத வாரங்களில், அப்பத்தா முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை எல்லோரும் சேர்ந்து எதில் ஈடுபடுவது என்று முடிவு செய்வதற்குள்ளேயே சனிக்கிழமை மதியம் ஆகிவிடுகிறது. அதன் பிறகு ஆளுக்கொரு கைபேசியோடு ஒதுங்கிவிடுகிறார்கள். தங்கள் பக்கத்தால் உண்மையாகப் பயன்பெறக் கூடியவர்கள் இத்தகைய வீட்டார்தாம்.

முதலில் இசையைப் பற்றிச் சொல்கிறேன். நேரடி இசை என்ற தலைப்பில் வெளியாகும் செய்திகள் பெரும்பாலும் சென்னை அரங்குகளைப் பற்றியவை, அவற்றிலும் நுழைவுச்சீட்டு உள்ள நிகழ்ச்சிகளைப் பற்றியவை. சென்னையில் இருப்பவர்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் இந்த வட்டாரத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட கலைஞர்களின் வரிசையை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்த சுப்பராம ஐயரும், கிடத்தி வாசித்த அவருடைய தம்பி சாம்பசிவ ஐயரும் காரைக்குடி சகோதரர்கள் என்றே அறியப்பட்டார்கள். தம்பியார் பிற்காலத்தில் கலாக்ஷேத்திராவில் வீணை கற்பித்து, 1958இல் மறைந்தார். 1935இல் பிறந்த குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினை அறியாத தமிழர் அரிது. மிருதங்கத்தில் தனி மரபையே உருவாக்கிய காரைக்குடி மணி 2023இல் காலமானார். இவர்களுடைய வட்டாரத்தில் இசை நடக்கும் இடமும் நேரமும் நாளிதழில் வராமல் போவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

இங்கே இசை அரங்கத்தில் மட்டும் நடப்பதில்லை என்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் திருவிழா பத்து நாள் நடக்கிறது. குன்றக்குடியில் தைப்பூசமும் பங்குனி உத்திரமும் பெருந்திருவிழாக்கள். அதே பங்குனியில்தான், கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழா காரைக்குடியில் நடந்து, அத்த நட்சத்திர நாளன்று நாட்டரசன்கோட்டையில் நிறைவுபெறுகிறது. சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கப்படும் நாகசுரத்தைக் கேட்கச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு நான்கு அடி தள்ளி நிற்கலாம். அரங்கத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார முடியாத முதியவரும் திண்ணையில் அமர்ந்து கேட்கலாம். புறப்பாடு இரவு எட்டு மணிக்கா பத்து மணிக்கா, எந்த வீதி வழியாக, அன்று வாசிப்பவர் யார் என்பவை மட்டும் அந்த ஊர்க்காரர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. கோயில் அழைப்பிதழில் அவை அச்சாகின்றன. ஆனால் அந்த அழைப்பிதழ் கோயிலைச் சேர்ந்த புள்ளிகளுக்கு, அதாவது வரி செலுத்தும் குடும்பங்களுக்குத்தான் போகிறது. ஆண்டுக்கு ஒரு முறை திருவிழாவுக்குச் சிறப்பு மலர் போடுவதைவிட, வாரந்தோறும் நான்கு வரியில் இந்த விவரத்தைத் தருவது எத்தனையோ பேருக்கு உதவும்.

அடுத்து பேஸ்பால். இதில் தங்கள் பக்கம் தரும் குழப்பம் சிறியது, ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது. ‘சனிக்கிழமை மாலை ஆட்டம்’ என்று அச்சிட்டுவிட்டு, அது எந்த ஊர்ச் சனிக்கிழமை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அங்கே ஆட்டப் பருவம் மார்ச் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதிவரை நடக்கிறது. அணி ஒன்றுக்கு 162 ஆட்டங்கள். அந்த மாதங்களில் நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியும், லாஸ் ஏஞ்சல்ஸ் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியும் இருக்கின்றன. ஆகவே நியூயார்க்கில் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அன்றிரவு பத்தரை மணி. அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்குவது நமக்கு ஞாயிறு அதிகாலை நாலரை. லாஸ் ஏஞ்சல்ஸில் அதே சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தொடங்குவது நமக்கு ஞாயிறு காலை ஏழரை. குடும்பத்தோடு பார்க்க மிகவும் வாய்ப்பானது இந்தக் கடைசி நேரம்தான் என்பது என் கருத்து. இட்லியும் கோசமல்லியும் தட்டில் இருக்க, பிள்ளைகள் எழுந்து பல் துலக்கி வந்துவிட்டிருக்க, நியூஜெர்சியில் இருக்கும் மகன் வீட்டார் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் காணொளி அழைப்பில் சேர்ந்துகொள்ள, இரு வீட்டாரும் ஒரே ஆட்டத்தைப் பார்க்க முடிகிறது. நேரத்தை இந்திய நேரத்தில் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இதோடு ஆட்டத்தின் விதிகளைக் கிரிக்கெட்டின் விதிகளாகவே விளக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். பந்தை மட்டையால் அடிப்பதும் ஓடுவதும் பொதுவாக இருக்கலாம். ஆனால் கிரிக்கெட்டில் மட்டையாளரின் பின்புறம் போகும் பந்துக்கு ஓட்டம் கிடைக்கிறது, பேஸ்பாலில் அடிப்பவரிடமிருந்து விரியும் இரு கோடுகளுக்கு வெளியே போகும் பந்து ‘பவுல்’, அதற்கு ஓட்டம் இல்லை. இங்கே அடித்த பிறகும் ஓடாமல் நிற்கலாம், அங்கே கோட்டுக்குள் தரையில் அடித்துவிட்டால் மட்டையைப் போட்டுவிட்டு ஓடியே ஆக வேண்டும். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். எங்கள் வீட்டு அப்பத்தாவுக்கு இது ஒரே காலையில் புரிந்துவிட்டது, கிரிக்கெட்டோடு ஒப்பிட்டே பார்த்துக்கொண்டிருந்த என் தம்பிக்குத்தான் புரியவில்லை. ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு செய்தியையும் தெரிவிக்கலாம்: பந்து வீசுபவர் 15 விநாடிக்குள், தளத்தில் ஓட்டக்காரர் இருந்தால் 20 விநாடிக்குள் (2024 முதல் 18) வீசத் தொடங்க வேண்டும் என்ற விதியை 2023இல் கொண்டுவந்த பிறகு, மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஆட்டத்தின் சராசரி நேரம் இரண்டு மணி நாற்பது நிமிட அளவுக்குக் குறைந்துவிட்டது. நம் திரைப்படங்கள் சில இதைவிட நீளமானவை.

இசையும் பேஸ்பாலும் ஒரே பக்கத்தில் எதற்கு என்று கேட்கும் வாசகர்களும் உண்டு. சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் 1941இல் ஆர்கன் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து, ஆட்டத்தின் இடைவேளைகளில் நேரடி இசை அந்த விளையாட்டின் அங்கமாகவே ஆகிவிட்டது. ஏழாம் இன்னிங்ஸின் நடுவில் மைதானமே எழுந்து நின்று பாடுகிறது. (அதே 1941இல்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்றாலும் செட்டிநாட்டுக்காரருக்கு நினைவுக்கு வராமல் இராது.)

குடும்பத்தோடு செல்லும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திருமயம் கோட்டை, ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் தரைக்கல் வார்க்கும் பட்டறைகள், 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் ஆகியவற்றைத் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். விடுமுறை நாள் எது, படியேற முடியாதவர்கள் எதுவரை போகலாம் என்ற இரண்டையும் சேர்த்தால் போதும்.

திரைப்படப் பரிந்துரையில்தான் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ‘அனைவரும் பார்க்கலாம்’ என்ற வாசகத்தை நம்பிப் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டு, பாதியில் எழுந்து நிறுத்த நேர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, யு/ஏ சான்றிதழ் 7 வயது, 13 வயது, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஏழு வயதுக் குழந்தைக்கும் பதினாறு வயதுப் பையனுக்கும் உள்ள வேறுபாட்டை ‘யு/ஏ’ என்ற இரண்டெழுத்தால் மறைத்துவிடக் கூடாது. படத்தின் நீளம், எந்தத் தளத்தில் அல்லது எந்த ஊர்த் திரையரங்கில் ஓடுகிறது, வேற்றுமொழிப் படமானால் தமிழில் ஒலிச்சேர்க்கை உண்டா என்பவையும் வேண்டும். கண் மங்கியவர்களால் அடியில் ஓடும் எழுத்துகளைப் படிக்க இயலாது. மாதத்துக்கு ஒரு பழைய படத்தையும் சேர்க்கலாம். ஏவி.எம். திரைப்பட நிறுவனம் தன் தொடக்கக் காலத்தில் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவுக்கு வந்து இயங்கியதும், 1947இல் வெளியான ‘நாம் இருவர்’ இங்கேயே படமாக்கப்பட்டதும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தப் படத்தை அவர்கள் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்த்தால், பேச்சு படத்தைவிட நீளமாக இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் இடம் ஏது என்று தாங்கள் கேட்கலாம். பக்கத்தின் மேற்பாதியை அடைத்துக்கொள்ளும் நடிகர் படத்தைச் சற்றுச் சுருக்கினால் இடம் கிடைக்கும். பக்கம் வெள்ளிக்கிழமைக்குப் பதிலாக வியாழக்கிழமையே வெளிவருமானால், ஊருக்குப் புறப்படுபவர்கள் சீட்டு எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வசதியாக இருக்கும். செட்டிநாட்டுப் பகுதியின் திருவிழா, கச்சேரி விவரங்களைத் திரட்டத் தங்கள் செய்தியாளர் ஒருவரே எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு அலைய வேண்டியதில்லை. கோயில் அலுவலகங்களும் விழாக் குழுக்களும் செவ்வாய்க்கிழமைக்குள் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி போடுங்கள். அனுப்பும் வேலையை இங்குள்ள வாசகர்களாகிய நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
காரைக்குடி.