முதலில் நீரின் வழியைக் குறியுங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தாருக்கு,

வணக்கம். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும், 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டம் உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த இருபது ஆண்டு மழையில் யார் வீட்டுக்குள் தண்ணீர் புகும் என்பதைப் பெருமளவு அந்த வரைபடம்தான் முடிவு செய்யும். அதனால் ஒரே கோரிக்கை: அதில் முதலில் தண்ணீர் வரும் வழியையும் தங்கும் இடத்தையும் குறியுங்கள். வீடு, தொழில், சாலை எல்லாம் அப்புறம்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது, நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டோம். எட்டே ஆண்டில், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாவற்றையும் மறுபடி மூழ்கடித்தது. அதே மாதம் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. அந்த மழை அடையாற்றின் நீர்ப்பிடிப்பில் பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடலும் காற்றும் சூடாகச் சூடாக மேகம் சுமக்கும் ஈரம் கூடுகிறது. பல நாள் பரவலாகப் பெய்ய வேண்டியது சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. பழைய மழைக்கணக்கில் கட்டிய வடிகாலை நம்பி இனி இருக்க முடியாது. இன்னொரு பக்கம், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்ததும் இதே ஊருக்குத்தான்.

தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் பக்கம் கடலைச் சேர வேண்டும். அந்தச் சதுப்பில் குப்பைமேடு, சாலைகள், அடுக்குமாடிகள் என்று ஏற்றியாகிவிட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது மகிழ்ச்சிதான். ஆனால் ராம்சர் எல்லைக்கு வெளியே கிடக்கும் சதுப்பும் சதுப்புதானே? வேளச்சேரிக்காரர்கள் புயல் எச்சரிக்கை வந்ததுமே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள். வடிகால் பணிகள் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை இவ்வளவுதான்.

கார் இல்லாதவர்கள் கதை இன்னும் கொடுமை. 2015-க்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்களை அகற்றிப் பெரும்பாக்கத்தில் குடிவைத்தோம். அதுவும் சதுப்பை ஒட்டிய தாழ்வான இடம். வெள்ள ஆபத்து என்று சொல்லி அகற்றியவர்களை இன்னொரு வெள்ளப் பகுதிக்கே அனுப்பியிருக்கிறோம். மழை நாளில் மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும்; மேல்மாடி முதியவர்கள் மருந்துக்குக்கூடக் கீழே இறங்க முடியாது.

பெருநகர எல்லையை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிக்க 2022-இல் அரசு முடிவெடுத்தது. புதிதாகச் சேரும் பகுதியில் பல ஏரிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். இடையிலுள்ள வரத்துக் கால்வாய்தான் முதலில் பறிபோகிறது. மனைப்பிரிவு வந்ததும் அது ஒரு சிமென்ட் குழாயாகச் சுருங்கிவிடும். ஏரி காயும், தெரு மூழ்கும். ஆகவே ஏரி முழுக்க நிரம்பும்போது நீர் பரவும் எல்லை, வரத்துக் கால்வாய், வெள்ளம் வடிந்தோடும் வடிநிலம் மூன்றையும் சர்வே எண் வாரியாகக் குறித்து, கட்டடம் கூடாத பகுதியாக அறிவியுங்கள். அப்புறம் ஒவ்வொரு சர்வே எண்ணாக நில வகைப்பாடு மாற்றம் தரும் வழியை அங்கே அடைத்துவிடுங்கள்.

வீட்டுத் தேவை பெருகும்போது நிலத்தைப் பூட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. மெட்ரோ, புறநகர் ரயில் பாதையோரம் கூடுதல் மாடிக்கு இடம் கொடுங்கள். வடிநிலத்தில் பட்டா வைத்திருக்கும் விவசாயியை வெறுங்கையோடு விடாமல், அவருடைய கட்டுமான உரிமையை வேறிடத்தில் விற்க வழி செய்யுங்கள். கட்டுமான உரிமையை இப்படி வேறிடத்துக்கு மாற்றும் முறை நம் விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது.

வரைவு வெளியாகும்போது சர்வே எண்ணோடு, தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் அளவில் வரட்டும். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ஒன்றைப் பெரும்பாக்கம் குடியிருப்பிலேயே, வேலைக்குப் போனவர்கள் திரும்பிவரும் மாலை நேரத்தில் வையுங்கள்.

அன்புடன்,
தென்சென்னைவாசி ஒருவர்